வாளியோடு வரும் நெருப்புத் தேவன்

பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கும் எங்கள் இயற்கை இல்லத்தில், முகாம் நெருப்பு மூட்டும் சாயங்காலம் நெருப்புத் தேவன் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் தண்ணீர் வாளியுமாகத்தான் வருவார். மற்ற மலைகளில் உள்ள முகாம்களில் எல்லாம் தேவன் பந்தத்தோடு மட்டும் வருகிறார், அதுதான் முறை. பிள்ளைகளிடம் நெருப்பைக் கொடுத்துவிட்டு, "அணைய விடாதீர்கள்" என்று சொல்லி முடிப்பதும் முறை. எங்கள் தேவன் அந்த வரியைச் சொல்வதில்லை. புதிதாக வரும் ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தேவனுக்கே நெருப்பென்றால் பயமா என்று ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். நான் சமையல்காரி. நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பில் மிசோ சூப் பொங்கிவிடும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போது, தேவன் வேஷம் போட்டு அந்த வழக்கத்தைத் தொடங்கிய குராகிச்சி ஓய்வு பெற்று வீட்டில் வெள்ளரிக்காய் வளர்த்துக்கொண்டிருக்கிறார். இனி சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்காது.

தபுச்சி குராகிச்சி எங்கள் தாஜிமா மலைக்காரர். வாலிபத்தில், பனி விழத் தொடங்கியதும் எங்கள் பக்கத்து ஆண்கள் போவதைப் போல அவரும் சாக்கே மது வடிக்கும் ஆலைக்குப் போய், அரிசி வேகவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். மலைமேல் இயற்கை இல்லம் கட்டியபோது பாய்லருக்கு ஆள் தேடினார்கள். இவர் போய்ச் சேர்ந்தார். நகரத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். தெருவாசிகளின் சங்கங்களும் வரும். அத்தனை பேரும் நடந்து களைத்து வரும்போது பெரிய குளியல் தொட்டியில் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. பிள்ளைகளுக்கு அவர் பாய்லர் மாமா. குட்டை ஆள், பாதி பொசுங்கிய புருவம், வருஷம் முழுக்க வெள்ளை ரப்பர் பூட்ஸ். பேச்சு ரொம்பக் குறைவு. வீட்டில் அவர் மனைவி பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று நான் கேலி செய்வேன்.

அவர் தேவன் ஆனது ஒரு வயிற்றுவலியால். முதல் கோடையில் தேவன் வேஷம் போட வேண்டிய ஆசிரியர், பிள்ளைகள் சமைத்த வேகாத கறியை மரியாதைக்காகத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். கைக்குக் கிடைத்தவர் குராகிச்சி. படுக்கை விரிப்பைச் சுற்றி, சணல் தாடி ஒட்டி, தலையில் மூங்கில் இலைக் கிரீடம் வைத்து இருட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். வாயே திறக்காத மனுஷன் அன்று திறந்த வாயில் மலையே எதிரொலித்தது. அதற்குப் பிறகு அந்த வேஷத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முகாம் நெருப்பு உள்ள நாளில் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார். பாய்லர் அறைக்குள் நின்று குரலைப் பழகுவார். இரும்புச் சுவரில் அது முழங்கும். நான் பின்கதவு வழியாகச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, "தேவனுக்கு முள்ளங்கி ஊறுகாய் ஆகுமா?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது.

கோபே நகரத்தில் நிலம் நடுங்கிய வருஷம் அது. நடுங்கியது ஜனவரியில். கோடையில், அங்கே எரிந்துபோன ஒரு பேட்டையிலிருந்து, தெருவாசிகள் நடத்தும் பிள்ளைகள் சங்கம் எங்களிடம் வந்தது. சந்து சந்தாகக் காலணி செய்த பேட்டை அது. ரப்பரும் பசையும் மரவீடுகளுமாக இருந்த இடம் எப்படி எரிந்தது என்று நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். இப்போது அந்தக் குடும்பங்கள் தகரக் கூடுகளில் இருந்தன. பிள்ளைகளை அழைத்து வந்தவர் ஹிராகி. சின்னதாகக் காலணிப் பட்டறை வைத்திருந்தவர், அதை இழந்தவர். முன்கூட்டியே தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்: இவர்களைத் தனியாகப் பாவம் பார்க்க வேண்டாம், மற்ற பிள்ளைகளுக்கு என்ன உண்டோ அதுவே இவர்களுக்கும் இருக்கட்டும்.

எங்கள் ஆட்களுக்கு அது போதும். ஒரே மாதிரி நடத்து என்றால் ஒரு நூல் பிசகாமல் நடத்துவோம். நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தது எங்களுக்கு மழை, வெயில் மாதிரி. அதை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றாது. முதல் நாள் மலை நடை, சாயங்காலம் முகாம் நெருப்பு. எங்கள் தலைவரும் அதைப் பார்த்தார், ஹிராகியும் பார்த்தார். இருவரும் ஒப்புதல் முத்திரை வைத்தார்கள். குராகிச்சியோ ஒரு படி மேலே போனார். இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று, வழக்கத்தைவிட உயரமாகக் கட்டைகளை அடுக்கினார். மனைவியிடம் புது விரிப்பு வேறு வாங்கி வந்தார்.

பேருந்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் கயோ என்ற பெண்ணை நான் உடனே கவனித்தேன். ஆறாம் வகுப்பு, மெலிந்த கை கால், தலைமுடி பையன் மாதிரி வெட்டியிருந்தது. எல்லாரும் அறைக்கு ஓட, இவள் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போனாள். ஒவ்வொரு குழாயாகத் திறந்தாள். தண்ணீர் வருவதைப் பார்த்தாள், மூடினாள், அடுத்ததற்குப் போனாள். பிறகு என் சமையற்கட்டுக்கு வந்து, இந்தக் குழாயையும் திறந்து பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். திறந்து பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நகரத்துப் பிள்ளை, ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து, இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் கட்டை அடுக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு நானும் போய் ஓரமாக நின்றேன். வழக்கமாக இந்த நேரத்தில் ஒருவனை ஒருவன் கிள்ளுவான், யாராவது பேய்க் குரல் கொடுப்பான், ஆசிரியர் உஸ் உஸ் என்பார். அன்று பேச்சு மூச்சு இல்லை. மேட்டிலிருந்து பந்தம் அசைந்து அசைந்து இறங்கி வந்தது. வெள்ளை உடையும் தாடியும் தெரிந்தன. எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு மெய்சிலிர்க்கும் காட்சி அது. உள்ளே இருப்பது நான் சோறு போட்ட ஆள் என்பதே மறந்துபோகும்.

இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தேவனை மதிக்கிற பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம் குராகிச்சி. பின்னால் அவரே சொன்னார். சந்தோஷத்தில் குரல் இன்னும் ஓங்கியது. "நான் நெருப்பின் தேவன். தூர மலையிலிருந்து இதைக் கொண்டுவந்தேன்."

நெருப்பை வாங்கிக்கொள்ள வட்டத்திலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வர வேண்டும். கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்ததில் அது கயோவுக்கு விழுந்திருந்தது. வந்து தேவன் முன்னால் நின்றாள். அவர் பந்தத்தை நீட்டினார். அவள் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

தேவனுக்கு எழுதிக்கொடுத்த வார்த்தைகளைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் அடுத்த வரியைச் சொன்னார். "இதை அணைய விடாதீர்கள்."

கயோ திரும்பி, விதிப்படி ஓரமாக வைத்திருந்த இரண்டு வாளிகளைப் பார்த்தாள். அப்புறம் அந்த உயரமான அடுக்கைப் பார்த்தாள்.

"அது பத்தாது," என்றாள்.

அப்போதுதான் பந்தத்தின் வெளிச்சத்தில் மற்ற முகங்கள் என் கண்ணில் பட்டன. அது மரியாதை இல்லை. சின்னப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். குராகிச்சியும் பார்த்துவிட்டார். பிறகு நடந்துபோய்ப் பந்தத்தை வாளிக்குள் தலைகீழாக விட்டார். சீறி அணைந்தது. ஹிராகி டார்ச் விளக்கைப் போட்டு, எல்லாரும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். வரிசையாக உள்ளே போனார்கள். தேவன் இருட்டில் தனியாக நின்றார்.

அவரை நான்தான் சமையற்கட்டுக்கு இழுத்து வந்தேன். தாடியைப் பிய்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, சுடச்சுட ஊற்றிக் கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஹிராகி வந்தார். என் தப்பு, நான் யோசித்திருக்க வேண்டும் என்று அவர் குனிந்தார். இல்லை, என் தப்பு என்று குராகிச்சி அதைவிடத் தாழக் குனிந்தார். அவர் மறுபடி குனிந்தார். விட்டால் விடிந்துவிடும் போலிருந்ததால், இரண்டு பேரும் உட்காருங்கள் என்று நான் அதட்டினேன். ஹிராகி உட்கார்ந்து சொன்னார்.

தீயணைப்பு வண்டி வந்ததாம். குழாயில் தண்ணீர் இல்லை. மண்ணுக்கடியில் எல்லாம் உடைந்து கிடந்தது. தெருக்காரர்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றினார்கள். கால்வாயில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரை மொண்டு மொண்டு அனுப்பினார்கள். கயோவும் நின்றாள், எதிர்வீட்டில் அவளுடைய சிநேகிதி மேல்மாடி இடிந்து விழுந்ததில் மாட்டிக்கொண்டிருந்தாள், கூப்பிடுவது வரிசைக்குக் கேட்டது.

"எனக்கு அடுத்து நின்னா," என்றார் ஹிராகி. "ஒரு கட்டத்துல நான் கொடுத்த வாளி காலி. அடுத்ததும் காலி. தெரிஞ்சும் நாங்க யாரும் நிறுத்தல. காலி வாளியையே மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்டிருந்தோம். நிறுத்தினா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும்ல."

அதற்குப் பிறகு கயோ எங்கே போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பாளாம். சமைக்க அடுப்பைப் பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய அப்படித்தான். மலைக்குக் கூட்டிவந்தால் கொஞ்சம் மாறுவார்கள் என்று நம்பி வந்தேன் என்றார்.

அவர் போன பிறகு குராகிச்சி மேஜைமேல் கிடந்த தாடியைச் சுருட்டி ஒதுக்கினார். "நாளன்னைக்குக் காலைல கிளம்பிடுவாங்க ஃபுசா," என்றார் கடைசியில் என்னிடம். "இங்க வந்தும் அதே தீயைக் காட்டித்தான் அனுப்பப்போறேன். அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் போவாங்க." இனி அந்த விரிப்பைத் தொட மாட்டேன் என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தேநீரை மறுபடி சுடவைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வெளியடுப்பில் கறி சமைப்பது என்று நிரலில் இருந்ததை, யாரையும் கேட்காமல் என் சமையற்கட்டுக்குள் செய்துவிட்டேன். தலைவர் முறைத்தார், முறைக்கட்டும். பிள்ளைகளை ஓடைப் பக்கம் அழைத்துப் போயிருந்தார்கள். குராகிச்சியைக் காணவில்லை. நான் கிடங்குக்குப் போனால் என் ஊறுகாய்ப் பீப்பாய்களையும் காணவில்லை. முள்ளங்கி எல்லாம் தரையில் கோணிமேல் கிடந்தது. வந்ததே எனக்குக் கோபம். தேடிக்கொண்டு போனேன். முகாம் வட்டத்துக்கு மேல், பாறையிலிருந்து ஊற்று வருகிற இடத்தில் அவர் முழங்கால்வரை சேற்றில் நின்று கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார். ஊற்று நீர் ஒரு பீப்பாயில் விழுந்து நிறைந்து, அடுத்ததில் வழிந்து, கீழே வட்டத்தின் ஓரம்வரை இறங்கி வந்தது. கட்டடத்தில் இருந்த வாளிகள், தரை துடைக்கிற வாளி உட்பட, என் இரண்டு பெரிய அண்டாக்கள், எல்லாம் புல்லில் இருந்தன.

"முள்ளங்கிக்கு யாரு பதில் சொல்றது அண்ணே?" என்றேன்.

"நான் எல்லாத்தையும் தின்னுடறேன்," என்றார், நிமிராமல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல வெயிலில், பிள்ளைகளை வட்டத்துக்குக் கூப்பிட்டார். முந்தின நாள் அடுக்கிய கட்டைகள் எரியாமல் அப்படியே இருந்தன. குராகிச்சி வேலைச் சட்டையோடும் பூட்ஸோடும் நடுவில் வந்து நின்றார். தேவன் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்பது அவர் இத்தனை வருஷம் காப்பாற்றிய விரதம். அதை அவரே உடைத்தார். நேற்று வந்தது நான்தான் என்று சொல்லி, தரையில் மண்டியிட்டு, நெற்றி புல்லில் படும்படி குனிந்தார்.

"உங்களைப் பயமுறுத்திட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அப்புறம் பின்வரிசையில் ஒரு பொடியன், "பாய்லர் மாமான்னு நேத்தே தெரியும், பூட்ஸைக் கழட்டாம வந்துட்டாரு," என்றான். சிரிப்பு வந்தது. அந்த மலைக்கு வந்ததிலிருந்து அவர்கள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

குராகிச்சி எழுந்து கயோவைப் பார்த்துச் சொன்னார். இந்தக் கட்டைகளைப் பற்றவைக்கலாம், இல்லை என்றால் பிளந்து பாய்லரில் போட்டுவிடுவேன், நீங்கள் சொல்கிறபடி. தண்ணீர் அதோ இருக்கிறது. கயோ பீப்பாயிடம் போனாள். கையை விட்டுப் பார்த்தாள். அங்கிருந்து கால்வாயைத் தொடர்ந்து மேலே ஏறினாள். அவர் பின்னாலேயே போனார். பாறையிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் இருவரும் நிற்பது கீழே தெரிந்தது. இது எப்போதாவது நின்றிருக்கிறதா என்று கேட்டாளாம். என் ஆயுசில் நின்றதில்லை, என் அப்பா ஆயுசிலும் நின்றதில்லை என்றாராம். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

இறங்கி வந்தவள் மற்றவர்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வரிசை."

எப்படி நிற்பது என்று ஒரு பெரியவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே பீப்பாயிலிருந்து கட்டை அடுக்குவரை நின்றுகொண்டார்கள். உயரமானவன், குட்டையானவன் என்று மாறி மாறி. முழங்கை இடிக்காத இடைவெளியில். ஒருவன் இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவன் அந்தப் பக்கம். சின்னப் பிள்ளைகள் தனியாக, காலி வாளி திரும்பிப் போகிற வரிசை. முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தன் இடம் தெரிந்திருந்தது. எங்கள் மலையில் வருஷா வருஷம் தீயணைப்புப் பயிற்சி நடக்கும், பெரிய ஆட்கள் கலந்துகொள்வார்கள். ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. இத்தனை சின்னக் கைகள் இதை எங்கே கற்றுக்கொண்டன என்பது எனக்குத் தெரியும். ஹிராகி போய் வரிசை நடுவில் ஒரு இடைவெளியில் நின்றுகொண்டார். நானும் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கயோ வரிசையின் கடைசியில், அடுக்குக்குப் பக்கத்தில் நின்றாள். "மாமா, நீங்க பத்தவைங்க," என்றாள்.

அவர் பற்றவைத்தார். காய்ந்த கட்டை, பிடித்ததும் ஆளுயரத்துக்குமேல் எழும்பியது. வெயிலில்கூட முகத்தைச் சுட்டது. யாரும் அசையவில்லை. கயோ பின்வாங்காமல், கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வாளி அவள் கையில் தயாராக இருந்தும் ஊற்றவில்லை. தீ முழு உயரத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"இப்போ," என்றாள்.

வாளிகள் வரத் தொடங்கின. கைக்கு வந்ததும் முதலில் உள்ளே பார்ப்பாள். "இருக்கு," என்பாள். ஊற்றுவாள். அடுத்தது வரும். "இருக்கு." அவள் சொல்வதை அவளுக்கு அடுத்து நின்றவன் சொல்ல, அவனுக்கு அடுத்தவன் சொல்ல, கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க அந்த வார்த்தைதான் கேட்டது. ஹிராகியும் சொன்னார், கன்னம் வழிய அழுதுகொண்டே சொன்னார். நானும் சொன்னேன். நீராவி குபுகுபுவென்று எழும்பி எங்களை மூடியது. அது விலகியபோது தீ இல்லை. கறுத்த கட்டைகள் மட்டும் கிடந்தன.

யாரும் நிறுத்தவில்லை. அணைந்த கட்டைமேல் வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சாம்பல் கரைந்து புல்லெல்லாம் சேறாகி, சேறும் கரைந்து ஓடியது. எங்கள் தலைவர் போதும் என்று சொல்ல வாயெடுத்தார். குராகிச்சி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கயோ மூச்சு வாங்கினாள், ஆனாலும் ஒவ்வொரு வாளிக்குள்ளும் பார்த்தாள். கடைசியில் ஒரு நிறைந்த வாளியை ஊற்றாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பிச் சட்டையை நனைக்க, அவரிடம் திரும்பினாள்.

"மாமா, இன்னும் வருது."

"வரும்மா," என்றார் குராகிச்சி. "நீ ஊத்து."